பஞ்சப்படி கடல் தாண்டுமா?

வேலை பார்த்த நாடு ஒன்று. வயதான காலத்தில் குடியிருக்கும் நாடு இன்னொன்று. விலைவாசி ஏறிவிட்டது. பஞ்சப்படி யார் கொடுப்பது? கொடுத்தால் எந்த ஊர் விலைவாசிக்குக் கொடுப்பது?

நம் ஊரில் இப்படி ஒரு சிக்கல் வருவதில்லை. மதுரையில் வாத்தியாராக இருந்தவர் ஓய்வு பெற்று, கோவையில் மகன் வீட்டில் போய் இருக்கிறார். பென்ஷன் அவர் பின்னாலேயே கோவைக்குப் போகிறது. அகவிலைப்படி உயர்ந்தால் அவருக்கும் உயர்கிறது. "மதுரையை விட்டு ஏன் போனீர்?" என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

பிரிட்டிஷ் சர்க்கார் கேட்கிறது. அந்த ஒரு கேள்வியால் பல லட்சம் முதியவர்களின் வயிறும் மனமும் அல்லாடுகின்றன. அவர்களில் நம்மவர்களும் உண்டு. லண்டனில் டாக்டராகவும், நர்ஸாகவும், தபால் ஆபீஸ் ஊழியராகவும் உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தில் சொந்த மண்ணுக்குத் திரும்பிய தமிழர்கள்!

இந்தக் கதையில் இரண்டு விதமான பணம் வருகிறது. ஒன்று குளிர்காசு. இன்னொன்று பென்ஷன் உயர்வு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. முதலில் குளிர்காசைப் பார்ப்போம்.

குளிருக்குக் காசு

இங்கிலாந்தில் குளிர் என்றால் சாமானியக் குளிர் அல்ல. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல் நுனியில் உறைபனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட குளிர் மாதக் கணக்கில் நீடித்தால் எப்படி இருக்கும்? வீட்டுக்குள் கணப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு எரிவாயு வேண்டும், அல்லது மின்சாரம் வேண்டும். பணம் இல்லாத கிழவர்களும் கிழவிகளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கணப்பை அணைத்துவிட்டு நடுங்கிக் கிடப்பார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல உயிர்கள் போகும்.

1997-ல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நிதி மந்திரி கார்டன் பிரவுன் ஒரு திட்டம் கொண்டுவந்தார். குளிர்காலம் வந்தால் முதியவர்களுக்கு எரிபொருள் செலவுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும். முதலில் வீட்டுக்கு 20 பவுன். பரம ஏழைகளுக்கு 50 பவுன். பிறகு அது 200 பவுனாக உயர்ந்தது. 80 வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டுக்கு 300 பவுன்.

(பவுன் என்றதும் நகைக்கடைப் பவுனை நினைத்துவிடாதீர்கள். இது இங்கிலாந்து நாணயம். ஒரு பவுன் இன்று நூறு ரூபாய்க்கு மேல் போகும்.)

பணக்காரரா, ஏழையா என்று அன்று பார்க்கவில்லை. வயது ஆகியிருந்தால் போதும். பிரபுவுக்கும் உண்டு, பிரபு வீட்டுத் தோட்டக்காரருக்கும் உண்டு.

வெயில் நாட்டில் குளிர்காசு!

இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகிறது.

ஆங்கிலேயர்களில் பலருக்கு ஓர் ஆசை. ஓய்வு பெற்றதும் குளிரை விட்டு ஓடிவிட வேண்டும்! ஸ்பெயின் கடற்கரையில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொள்வார்கள். வாசலில் ஆரஞ்சு மரம். பக்கத்தில் கடல்.

அன்று இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனில் இருந்தது. யூனியன் சட்டப்படி, ஒரு நாட்டில் உழைத்துச் சம்பாதித்த சலுகையை, இன்னொரு உறுப்பு நாட்டுக்குக் குடிபோன ஒரே காரணத்துக்காகப் பறிக்க முடியாது. ஆகவே குளிர்காசும் ஸ்பெயினுக்குப் போயிற்று! இங்கிலாந்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பிய அயல்நாட்டுக்காரர்களும், இங்கிலாந்தோடு தக்க தொடர்பு உண்டு என்று காட்டினால் கேட்கலாம் என்று ஆயிற்று.

லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. "வெயில் காய்கிறவனுக்கு விறகுக் காசா?" என்று கேட்டன. ஸ்பெயினில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. "இங்கும் மலைப்பக்கம் குளிர்தான். இந்த வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. தரையெல்லாம் ஓடு பதித்தது. ஜனவரி ராத்திரியில் வந்து படுத்துப் பாருங்கள்!" என்றார்கள்.

2013-ல் நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்பர்ன் ஒரு யோசனையை அறிவித்தார். வெப்பமானியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது! இங்கிலாந்திலேயே குளிர் குறைந்த பகுதி தென்மேற்கு. அங்கே குளிர்காலச் சராசரி வெப்பம் 5.6 டிகிரி. எந்த நாட்டின் குளிர்காலச் சராசரி இதைவிட அதிகமோ, அந்த நாட்டில் வசிப்பவர்களுக்குக் குளிர்காசு கிடையாது.

2015-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் இது அமுலுக்கு வந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், மால்டா, சைப்ரஸ், ஜிப்ரால்டர் ஆகிய இடங்கள் போயின. ஏழாவதாக ஒரு நாடும் போயிற்று. அது பிரான்சு.

பிரான்சா? பாரிஸில் பனி பெய்கிறதே! அதுதான் கணக்கின் சூட்சுமம். பிரான்சு நாட்டுக்குக் கடல் கடந்த பகுதிகள் சில உண்டு. அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் குவாதலூப், மார்த்தினிக், கயானா. இந்து மகா சமுத்திரத்தில் மயோட், ரீயூனியன். எல்லாம் உஷ்ணப் பிரதேசம். இவற்றின் வெயிலையும் பாரிஸ் குளிரோடு கூட்டிச் சராசரி எடுத்தார்கள்! அந்த ரீயூனியன் தீவு நமக்குத் தெரிந்த இடம்தான். ஒரு காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள். அவர்கள் தலையில் காய்ந்த வெயில், வட பிரான்சில் நடுங்கிய ஆங்கிலேயக் கிழவியின் குளிர்காசை நிறுத்திவிட்டது!

இத்தாலிக்கு யோகம். அதன் வடக்கே ஆல்ப்ஸ் மலை. அந்தப் பனியைச் சேர்த்தால் சராசரி இறங்கிவிடுகிறது. ஆகவே தெற்கே வெயில் காயும் சிசிலித் தீவில் குடியிருப்பவருக்கும் குளிர்காசு தொடர்ந்தது.

பரந்த நாட்டை ஒரே எண்ணில் அடைத்தால் இப்படித்தான் ஆகும். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். இது கணப்புக்காகக் கொடுத்த பணம். கணப்பே தேவைப்படாத ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்பது அவ்வளவு அழகல்ல.

2022-ல் உக்ரைன் யுத்தம் வந்தது. எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. அந்த அக்டோபரில் இங்கிலாந்தில் பண வீக்கம் 11.1 சதவிகிதம். நாற்பது ஆண்டுகளில் காணாத விலையேற்றம்! சர்க்கார் குளிர்காசோடு வீட்டுக்கு இன்னும் 300 பவுன் சேர்த்துக் கொடுத்தது. மறு ஆண்டுக் குளிர்காலத்திலும் கொடுத்தது. ஐரோப்பாவில் குளிர்காசு பெற்றுவந்தவர்களுக்கும் இது கிடைத்தது. இதற்குள் இங்கிலாந்து யூனியனை விட்டு வெளியேறியிருந்தது. ஆனால் 2020 முடிவதற்குள் குடிபோனவர்களின் உரிமை ஒப்பந்தத்தால் காப்பாற்றப்பட்டிருந்தது.

பிறகு உள்நாட்டிலேயே வெட்டு விழுந்தது. 2024 ஜூலையில் நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ், பரம ஏழைகளுக்கு மட்டும்தான் குளிர்காசு என்று அறிவித்தார். சுமார் ஒரு கோடி முதியவர்களுக்கு நின்றுபோயிற்று. நாடெங்கும் கூச்சல். 2025 ஜூனில் சர்க்கார் பின்வாங்கியது. ஆண்டு வருமானம் 35,000 பவுனுக்கு மேல் போகாதவர்களுக்கு மீண்டும் உண்டு என்றார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு கூத்து நடந்தது. 2020-ல் கொரோனா காலத்தில் அந்த சர்க்கார் ஜனங்களுக்குத் தலைக்கு 1,200 டாலர் அனுப்பியது. வாலிப வயதில் அமெரிக்காவில் சில காலம் வேலை பார்த்து, அதற்குச் சின்னப் பென்ஷன் வாங்கிவந்த சில ஆஸ்திரியா தேசத்து முதியவர்களுக்கும் தபாலில் செக் வந்துவிட்டது! ஜனாதிபதி டிரம்ப் பெயர் போட்ட செக். சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டிய பணமே அல்ல. ஒருவர் இது மோசடியாக இருக்கும் என்று பயந்துகொண்டே பாங்கியில் கொடுத்தார். பாங்கி பணத்தைக் கொடுத்துவிட்டது!

உறைந்துபோன பென்ஷன்

இனி சிரிப்பு இல்லை.

இங்கிலாந்தில் வேலை பார்ப்பவர்கள் பொதுவாக "நேஷனல் இன்ஷூரன்ஸ்" என்ற சந்தா கட்டுகிறார்கள். 1975 வரை இதற்கு ஒரு கார்டு உண்டு. வாராவாரம் அதில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். அந்த ஸ்டாம்புகளின் பலன்தான் வயதான காலத்தில் வரும் பென்ஷன். வெள்ளைக்காரர் கார்டு, தமிழர் கார்டு என்று வித்தியாசம் இல்லை. கட்டின பணமும் ஒன்றுதான்.

இந்தப் பென்ஷன் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் உயர்கிறது. விலைவாசி ஏறிய அளவு, சம்பளங்கள் ஏறிய அளவு, அல்லது இரண்டரை சதவிகிதம், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு உயர்வு. 2023 ஏப்ரலில் மட்டும் 10.1 சதவிகிதம் உயர்ந்தது.

ஆனால் இந்தியாவில் குடியிருந்தால்? உயர்வு கிடையாது. ஒரு காசு கிடையாது!

பென்ஷன் நிற்பதில்லை. வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் முதல் தடவை என்ன தொகை வந்ததோ, சாகும் வரை அதே தொகை. ஏற்கெனவே பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இடம் பெயர்ந்தால், பெயர்ந்த அன்று இருந்த தொகை. அதற்கு மேல் ஏறாது. இதனால்தான் இதை "உறைந்த பென்ஷன்" என்கிறார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். 2000-ம் ஆண்டில் முழு அடிப்படைப் பென்ஷன் வாரத்துக்கு 67 பவுன் 50 பென்ஸ். லண்டனிலேயே தங்கிவிட்டவருக்கு 2025-ல் அது 176 பவுன் 45 பென்ஸ் ஆகிவிட்டது. அதே ஆண்டில் பென்ஷன் ஆரம்பித்து, தஞ்சாவூருக்குத் திரும்பி வந்தவருக்கு? அதே 67 பவுன் 50 பென்ஸ்! வாரத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

"அந்தப் பவுனை ரூபாயாக மாற்றினால் இந்தியாவில் நிறைய வருமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2000-ல் பவுனுக்கு 70 ரூபாய் அளவில் கிடைத்தது. இப்போது கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் அன்று ஓட்டலில் ஒரு தோசை என்ன விலை, இன்று என்ன விலை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கேளுங்கள். நாணய மாற்று ஒரு பங்கு ஏறினால், செலவு பல பங்கு ஏறியிருக்கிறது.

அருவிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

எல்லா அயல்நாட்டிலும் இப்படித்தானா? இல்லை! அதுதான் மனத்தைச் சுடுகிறது.

அமெரிக்காவில் இருந்தால் உயர்வு உண்டு. கனடாவில் இல்லை. நயாகரா நீர்வீழ்ச்சியின் ஒரு கரை அமெரிக்கா, மறு கரை கனடா. ஒரே தொழிற்சாலையில் ஒன்றாக உழைத்த இரண்டு நண்பர்கள், ஆளுக்கொரு கரையில் வீடு எடுத்தால், ஒருவர் பென்ஷன் ஆண்டுதோறும் ஏறும். மற்றவர் பென்ஷன் கல்லாய்ச் சமைந்துவிடும். ஜமைக்காவில் உண்டு, டிரினிடாடில் இல்லை. பிலிப்பைன்ஸில் உண்டு, மலேசியாவில் இல்லை. மொரீஷியஸில் உண்டு, இலங்கையில் இல்லை.

என்ன காரணம்? விலைவாசியா, வறுமையா? இரண்டும் இல்லை. ஒரு காலத்தில் சில நாடுகளோடு லண்டன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. சில நாடுகளோடு எழுதவில்லை. அவ்வளவுதான். ஐரோப்பாவுக்குப் போனவர்களுக்கும் உயர்வு உண்டு. ஆகவே குளிர்காசை இழந்த ஸ்பெயின்வாசியின் பென்ஷன் மட்டும் ஆண்டு தவறாமல் ஏறுகிறது.

இப்படி உறைந்த பென்ஷன் வாங்குபவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். அதிகம் பேர் இருப்பது ஆஸ்திரேலியாவில். அடுத்தது கனடா.

கனடாவில் ஆன் பக்ரிட்ஜ் என்று ஒரு மூதாட்டி. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படைகளில் பணி செய்தவர். 2001-ல், 76-வது வயதில், பெண்ணோடு இருக்கக் கனடா போனார். அன்று அவருக்கு வாரம் 72 பவுன் 50 பென்ஸ் பென்ஷன். 2024-லும் அதே 72 பவுன் 50 பென்ஸ்! நூறு வயது ஆகப்போகும் வேளையில், அந்த டிசம்பரில் விமானம் ஏறி லண்டன் வரை வந்து நியாயம் கேட்டார். சட்டம் மாறவில்லை.

கோர்ட்டு ஏறிய பெண்மணி

அவருக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனவர் அனெட் கார்சன். இங்கிலாந்திலிருந்து தென் ஆப்பிரிக்காவில் குடியேறியவர். 2000-ல் பென்ஷன் ஆரம்பித்தது. முன்னே கணக்குப் பார்த்தோமே, அதே 67 பவுன் 50 பென்ஸில் அவருடைய அடிப்படைப் பென்ஷன் உறைந்தது.

"நான் கட்டாத சந்தா உண்டா? எனக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?" என்று அவர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். மேல்கோர்ட்டிலும் தோற்றார். 2005-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகளும் கைவிரித்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார். 2010 மார்ச் 16-ந் தேதி 17 நீதிபதிகள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். 11 பேர் சர்க்கார் பக்கம். 6 பேர் கார்சன் பக்கம். வழக்குத் தள்ளுபடி!

நீதிபதிகள் சொன்ன காரணம் இது: பென்ஷன் உயர்வு என்பது இங்கிலாந்தின் விலைவாசியை ஈடுகட்டத்தான். வேறு நாட்டில் விலைவாசி வேறு, நாணயம் வேறு. ஆகவே அங்கே இருப்பவரும் இங்கே இருப்பவரும் ஒரே நிலையில் இல்லை. மேலும் அந்தச் சந்தா பென்ஷனுக்கு மட்டும் கட்டியது அல்ல.

சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இந்த வாதம் அமெரிக்காவில் வாழ்பவருக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? நியூயார்க் விலைவாசி லண்டன் விலைவாசியா? இந்தக் கேள்விக்கு "ஒப்பந்தம் இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. குளிர்காசு கணப்புக்காகக் கொடுப்பது. கணப்பு இல்லாவிட்டால் நிறுத்துவதில் நியாயம் உண்டு. பென்ஷன் அப்படியல்ல. அது உழைத்தவர் தன் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுத்த பணத்தின் பலன். போதாததற்கு, வெளிநாடு போனவர் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியத்துக்கு வந்து நிற்பதும் இல்லை. சர்க்காருக்கு அதுவும் மிச்சம்தானே?

ஆஸ்திரேலிய சர்க்காருக்குக் கோபம் வந்தே விட்டது. அங்கே குடியேறிய முதியவர்களுக்கு லண்டன் கொடுக்காத உயர்வை, தன் வரிப்பணத்திலிருந்து உதவித்தொகையாக ஈடுகட்ட வேண்டியிருந்தது. பேசிப் பார்த்தது. பலிக்கவில்லை. 2001 மார்ச் 1-ந் தேதியோடு இங்கிலாந்தோடு செய்திருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது! அப்படியும் லண்டன் அசையவில்லை. எல்லாருக்கும் உயர்வு கொடுத்தால் செலவு தாங்காது என்பது அதன் பல்லவி.

ஊர் திரும்பும் முன்பு

உங்கள் குடும்பத்திலும் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ, அத்தையோ இருக்கலாம். "ரிடையர் ஆனதும் ஊருக்கே வந்துவிடுகிறேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். வரும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

2016 ஏப்ரல் 6-ந் தேதிக்குப் பிறகு பென்ஷன் வயதை எட்டுபவர் குறைந்தது 10 ஆண்டு சந்தா கட்டியிருந்தால்தான் பென்ஷன். முழுப் பென்ஷனுக்குப் பொதுவாக 35 ஆண்டு. இந்தியாவில் இருந்தபடியே, நம் ஊர் பாங்கிக் கணக்கில் அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

வறுமையில் வாடும் முதியவர்களுக்கு "பென்ஷன் கிரெடிட்" என்று தனி உதவி ஒன்று உண்டு. இது கடல் தாண்டாது. பேத்தி கல்யாணத்துக்கு என்று வந்து நாலு வாரத்துக்கு மேல் இங்கே தங்கினால்கூட, சாதாரணமாக அது நின்றுவிடும். நெருங்கிய உறவினர் சாவு, வைத்தியம் போன்றவற்றுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுக்கிறார்கள்.

சிலர் ஒரு தந்திரம் செய்யப் பார்ப்பார்கள். ஊருக்கு வந்துவிட்டு, லண்டனில் மகள் வீட்டு விலாசத்தையே காட்டி உயர்வை வாங்கிக்கொள்வது! இது மோசடிக் குற்றம். பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். தள்ளாத வயதில் அந்த அவமானம் வேண்டாம்.

நம் ஊர்ப் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறார்கள் அல்லவா? லண்டனிலிருந்தும் அப்படி ஒரு பாரம் தபாலில் வரும். சாட்சிக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய கடிதம் என்று பரணில் போட்டுவிட்டால் பென்ஷனை நிறுத்திவைத்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். உறைந்த பென்ஷன் வாங்கும் தாத்தா, பேரனைப் பார்க்க லண்டன் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்காருக்குத் தெரிவித்தால், அங்கே தங்கியிருக்கும் நாட்களுக்கு மட்டும் இன்றைய உயர்ந்த விகிதத்தில் பென்ஷன் கொடுப்பார்கள். அதே மனிதர், அதே ஸ்டாம்புகள்! சென்னைக்கு விமானம் ஏறினால், மறுபடியும் பழைய 67 பவுன் 50 பென்ஸ்.